வினவாது செல்லும் வழி

பொருள் தேடிச் செல்வாரும், கல்வி வேண்டிச் செல்வாரும், பிணி நீங்க மருத்துவமனை நாடிச் செல்வாரும் எனப் பலதிறத்தார் நாடோறும் வழிமேற் செல்கின்றனர். இவர்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்குச் சிறப்பு யாது என வினவின், விரைவு என்பர் சிலர். குறைந்த கட்டணம் என்பர் சிலர். நல்ல இருக்கை என்பர் வேறு சிலர். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், இவற்றினும் முற்பட வேண்டுவதொன்று உண்டென்பது என் கருத்து. எழுத்தறியாத ஒருவர், துணையின்றித் தனியே வந்து, பிறரை வினவாமல், ஏற வேண்டிய வண்டியில் ஏறவும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவும் இயலுதல் வேண்டும் என்பதே அது.

ஒரு பொருளை ஆக்குவோன், தன் வசதியை நோக்காது, அதனைக் கையாள்வோனுடைய கண்ணும் கையும் மனமும் எவ்வாறு இயங்கும் என்று ஆராய்ந்து அதற்கேற்ப அமைத்தலை இந்நாளில் பயனர் அனுபவ வடிவமைப்பு என வழங்குகின்றனர். பெயர் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று. வழியறிந்தார் வழியறியார்க்கு உரைப்பதனையே ஆற்றுப்படை என ஓர் இலக்கிய வகையாக வளர்த்தவர் நம் முன்னோர். மலைபடுகடாத்தைக் கற்றார் இதனை நன்கறிவர். பன்றிக்கு வைத்த பொறி எங்குளது, பாம்பு உறையும் இடம் யாது, தினைப்புனங் காப்போர் எறியுங் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது என, நடந்து செல்வோன் காலடியில் நின்றே புலவர் வழி கூறுகின்றார்.

நூலில் மட்டுமன்று, கல்லிலும் இவ்வுணர்ச்சி உண்டு. தருமபுரிப் பகுதியில், அதியமான் பெருவழி என்னும் பழைய சாலையைக் குறிக்கும் இடைக்காலத்துக் காதக் கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 27 காதம் என்பது அதிற் பொறித்த செய்தி. அத்தொலைவு தமிழ் எண்ணால் எழுதப்பட்டதோடு நில்லாமல், இரண்டு பெரிய குழிகளாகவும் ஏழு சிறிய குழிகளாகவும் செதுக்கப்பட்டுள்ளது. பெருங்குழி ஒவ்வொன்றும் பத்து; சிறுகுழி ஒவ்வொன்றும் ஒன்று. எழுத்தறிந்தவன் எண்ணைப் படிப்பான். அறியாதவன் குழியைத் தடவி எண்ணுவான். இருளில் வருவோனுக்கும் விரல் உண்டன்றோ? அக்கல்லை நிறுத்தியோர், படித்தவன் ஒருவனே வழிப்போக்கன் என்று எண்ணினாரல்லர்.

கடல் கடந்த மெக்சிகோ நகரத்திலும் இக்கருத்தே பிற்காலத்தில் வேறொரு வடிவில் மலர்ந்தது. அந்நகரின் நிலத்தடி மெட்ரோ இரயில் 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் தொடங்கப்பட்டது. எழுதப் படிக்க அறியாத மக்கள் பலர் வாழ்ந்த காலம் அது. ஆதலின், லான்ஸ் வைமன் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் தலைமையில், ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு சித்திரக் குறியும் வகுக்கப்பட்டது. சபுல்தெபெக் என்பதற்கு அந்நாட்டுப் பழைய மொழியில் வெட்டுக்கிளிக் குன்று என்பது பொருள்; அந்நிலையத்தின் குறி வெட்டுக்கிளி. பினோ சுவாரெஸ் நிலையத்தைத் தோண்டும்போது பழங்குடியினரின் சிறு கோயில் ஒன்று வெளிப்பட்டது. அக்கோயிலின் வடிவமே அதன் குறியாயிற்று. பெயரைப் படிக்க மாட்டாத தாயும், வெட்டுக்கிளியைக் கண்டு தன் நிலையம் இதுவென்று இறங்குவாள். பின்னர்க் கல்வி பரவியும் அக்குறிகள் நீக்கப்படவில்லை. அந்நாட்டு மொழியறியாத அயலார்க்கும் அவை இன்று வழிகாட்டுகின்றன. எளியோர்க்கென்று செய்த நன்மை எல்லோர்க்கும் ஆயினவாறு காண்க.

இனி நம் நாட்டு நிலையைச் சிறிது நோக்குவோம். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், சாதாரணக் கட்டண நகர பஸ்களிற் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் எனத் தமிழ்நாட்டு அரசினர் அறிவித்தனர். உரிமை கிடைத்தது. ஆயின், விரைந்து வரும் வண்டிகளுள் கட்டணமில்லாதது யாது, கட்டணமுள்ளது யாது என்று தொலைவிலேயே பிரித்தறிதல் எளிதாயிருக்கவில்லை. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து சென்னையில் அத்தகைய பஸ்களின் முன்புறமும் பின்புறமும் இளஞ்சிவப்பு நிறம் பூசப்படலாயின. சட்டம் ஓர் எழுத்தும் மாறவில்லை. நிறம் ஒன்றே மாறிற்று. எனினும், தாளில் இருந்த உரிமை சாலையிற் கண்ணுக்குத் தெரிவதாயிற்று. அறிந்துகொள்ளக் கூடாத உரிமை, பூட்டிய பெட்டியிலுள்ள பொன்னை ஒக்கும்.

இந்நிறம், கட்டணம் இல்லையென்பதை உணர்த்தும். வண்டி எவ்வூர் செல்லுமென்பதை உணர்த்தாது. அதற்கு எழுத்தையே நாடவேண்டியுள்ளது. வண்டியின் நெற்றியில் மின்னெழுத்துக்கள் நகர்ந்தோடும்போது, படித்தவர்க்கும் ஊர்ப்பெயர் முழுதும் புலப்படுமுன் வண்டி கடந்து போகின்றது. முதுமையாற் கண் மங்கியவர் நிலையும், பிற மாநிலத்திலிருந்து உழைக்க வந்து தமிழெழுத்து அறியாதவர் நிலையும் கூறவேண்டுவதில்லை.

இங்கே சிலர் தடை நிகழ்த்துவர். “வினவுதலில் இழுக்கென்ன? ஒருவரையொருவர் கேட்டு அறிதல் மக்கட் பண்பன்றோ?” என்பது ஒன்று. விரும்பி வினவுதல் வேறு. வினவியே தீரவேண்டுமென்னும் நிலை வேறு. முன்னது உறவு; பின்னது சார்பு. பொழுது சாய்ந்தபின் பஸ் நிலையத்தில் தனித்து நிற்கும் ஒரு பெண், தான் போகுமிடத்தை முன்பின் அறியாதவரிடம் வெளியிட்டே வழியறிய வேண்டுமெனின், அது அவளுக்கு அச்சந் தருவதேயாகும். “கைபேசி எல்லாங் காட்டுமே” என்பது மற்றொரு தடை. கைபேசியும் எழுத்தாலன்றோ பெரிதும் பேசுகின்றது? அதன் மின்னாற்றல் தீர்ந்தவிடத்து வழியும் தீருமாயின், அது வழியாகுமா? “கல்வி பரவினால் இக்குறை தானே நீங்கும்” என்பது மூன்றாவது. கல்வி பரவுக, அதற்கு உழைப்போம். ஆயின், எழுத்தறிந்த நாமே வேற்று மாநிலஞ் சென்றால் அவ்விடத்து எழுத்தறியாதவராகின்றோம் என்பதை மறத்தலாகாது.

செய்யத் தக்கது யாது? ஊர்ப்பெயரோடும் எண்ணோடும், அவ்வூர்க்குரிய மலையோ மரமோ கோபுரமோ கலங்கரை விளக்கமோ ஒரு குறியாக வண்டியிலும் நிறுத்தத்திலும் ஒன்றுபோலவே பொறிக்கப்படல் வேண்டும். எழுத்து நகராது நிற்றல் வேண்டும். இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. எந்தப் பலகையும் நடப்படுமுன், எழுத்தறியாத ஒரு மூதாட்டியை அதன்முன் நிறுத்தி, “அம்மா, இது எங்கே போகும் வண்டி?” என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். அவர் தடுமாறுவராயின், குறை அவரதன்று, பலகையினதே. அதனை மாற்றி எழுதுதலே முறை.

இதற்கு ஆட்சியாளரை மட்டும் நோக்கியிருத்தல் நமக்கு அழகன்று. மாணவ நண்பர்காள்! நம் கல்லூரி வாயிலுக்கு எதிரேயுள்ள நிறுத்தத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் நின்று, யார் யார் தயங்குகின்றனர், எதனைக் காணாது தயங்குகின்றனர் என்று குறித்து, அதனை உரியவர்க்கு எழுதுதல் நம்மால் இயலாததோ? ஓவியம் வல்லார் குறி வரையலாம். கணிதம் வல்லார் தொகுத்துக் காட்டலாம். தமிழ் பயில்வோமாகிய நாம், ஒரு நோக்கிற் புலனாகும் சிறுசொல் தேர்ந்து தரலாம். கற்றவன் கல்லாதவனுக்குச் செய்யும் உதவிகளுள், அவன் தன்னை உதவி பெற்றவனென்று உணராதபடி செய்யும் உதவியே தலையாயது. கல்லிற் குழி செதுக்கிய அக்கைவினைஞன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் செய்த அறம் இன்றும் நம்மை நோக்கி நிற்கின்றது.