சினிமாவுக்கு ஒரு வீடு: கட்டும் முன் நிலத்தைப் படியுங்கள்!

டூரிங் டாக்கீஸில் பகல் காட்சி கிடையாது. பொழுது சாய்ந்து, நன்றாக இருட்டிய பிறகுதான் படம் ஓடும். பக்கவாட்டில் திறந்து கிடந்த கொட்டகைக்குள் வெளிச்சம் வந்தால் திரையில் ஒன்றும் தெரியாது என்பதுதான் காரணம். காற்று வேண்டும், அதனால் சுவர் இல்லை. சுவர் இல்லை, அதனால் இரவுதான் காட்சி. கீற்றுக் கொட்டகையைப் போட்டவர்கள் கட்டிடக் கலை படித்தவர்கள் அல்ல. ஆனாலும், அந்த இடத்தின் வெயிலும் காற்றும்தான் காட்சி நேரத்தையே முடிவு செய்தன.

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. மழை வந்தால் பாதிப் படத்தில் எழுந்து ஓட யாருக்கும் ஆசை இருக்காது. ஆனால், இன்று நாம் கட்டும் அரங்குகளுக்குத் தாங்கள் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. ஷாப்பிங் மாலில் இருக்கும் மல்டிபிளெக்ஸுக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம். மக்கள் வரிப்பணத்தில் எழும் ஒரு சினிமா பண்பாட்டு மையத்துக்கும் அப்படியே விட்டுவிடலாமா?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

சென்னை சர்வதேசத் திரைப்பட விழா பெரும்பாலும் டிசம்பரில் வணிகத் திரையரங்குகளில்தான் நடந்துவருகிறது. இவ்வளவு படம் எடுக்கும் ஊரில் சினிமாவுக்கென்று நிரந்தரமான பண்பாட்டுக் கட்டிடம் இல்லை. இன்னொரு பக்கம், பூந்தமல்லி அருகே ரூ.500 கோடியில் நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று 2024-ல் அரசு அறிவித்தது. அது செம்பரம்பாக்கம் ஏரி இருக்கும் வட்டாரம். 2015 டிசம்பரில் அந்த ஏரியின் பெயரைக் கேட்டு நகரமே நடுங்கியதை மறந்திருக்க மாட்டோம். அங்கோ வேறெங்கோ, சினிமாவுக்கு ஒரு பொதுக் கட்டிடம் வரத்தான் போகிறது. அதன் முதல் வரைபடம் முகப்பினுடையதாக இருக்கப்போகிறதா, நிலத்தினுடையதாக இருக்கப்போகிறதா என்பதுதான் கேள்வி.

இருட்டுப் பெட்டிக்கு இயற்கை எதற்கு?

நியாயமான சந்தேகம்தான். திரையரங்குக்கு வெளிச்சம் ஆகாது, வெளிச் சத்தமும் ஆகாது. ஜன்னல் வைக்க முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பிலிருந்தே சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. 500 பேர் உட்கார்ந்தால் 50 கிலோவாட். ஏசி இல்லாமல் சமாளிக்க முடியாது. எனவே, அரங்கு என்பது மூடிய பெட்டியாகத்தான் இருக்கும். இதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

ஆனால், படம் பார்ப்பது அந்த இரண்டு மணி நேரத்தோடு முடிவதில்லை. டிக்கெட்டுக்குக் காத்திருப்பது, டீ குடிப்பது, படம் முடிந்து படிக்கட்டில் நின்று வாதாடுவது எல்லாம் சேர்ந்ததுதான் பண்பாட்டு மையம். நிலத்தோடு பேச வேண்டியவை பெட்டிக்கு வெளியே இருக்கும் கூடம், தாழ்வாரம், படிக்கட்டு, முற்றம், கூரை ஆகியவை.

மூன்று ஊர்கள் சொல்லும் பாடம்

ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரில் உருமேயா ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நிற்கிறது குர்சால் அரங்கம். ரஃபேல் மொனேயோ வடிவமைத்து 1999-ல் திறக்கப்பட்டது. அந்த ஊர்த் திரைப்பட விழாவின் முதன்மை அரங்கம் அதுதான். பக்கத்துத் தெருக் கட்டிடங்களின் நீட்சியாக அதைக் கட்டாமல், கரை ஒதுங்கிய இரண்டு பாறைகளைப் போலச் சற்றே சாய்ந்த இரண்டு கனசதுரங்களாக அமைத்தார் மொனேயோ. சுமார் 1,800 பேர் அமரும் பெரிய அரங்கம் உள்ளே மூடிய பெட்டிதான். ஆனால், அதைச் சுற்றி ஒளி ஊடுருவும் இரட்டைக் கண்ணாடிச் சுவர். பெட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையில் நடக்கும்போது, திறப்புகள் வழியே கடல் தெரியும். ‘இந்த ஊருக்கு இது பொருந்தாது’ என்று தொடக்கத்தில் எதிர்ப்பும் இருந்தது. 2001-ல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ விருது அதற்குத்தான் கிடைத்தது.

நம் நாட்டிலேயே போபாலில் பாரத் பவன் இருக்கிறது. சார்லஸ் கொரியா வடிவமைத்து, 1982-ல் திறக்கப்பட்ட கலை மையம். மேல் ஏரியைப் பார்த்த சரிவில், சரிவோடு சரிவாக இறங்குகிறது. சாலையிலிருந்து பார்த்தால் கட்டிடமே கண்ணில் படாது. மேலே நுழைந்து, மொட்டைமாடித் தோட்டங்களும் முற்றங்களும் வழியாகப் படிப்படியாக இறங்கினால் ஏரி. மண்ணுக்குள் பாதி புதைந்த அறைகளில் வெயிலின் கடுமை குறைகிறது. மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது.

மூன்றாவது, தென்கொரியாவின் பூசான் சினிமா சென்டர். 2011-ல் திறக்கப்பட்டது. இது அடங்கி நிற்கும் கட்டிடம் இல்லை. ஒற்றைத் தூணை நம்பி 85 மீட்டர் வெளியே நீளும் அதன் கூரை, ‘என்னைப் பார்’ என்கிறது. ஆனாலும், அந்தக் கூரைக்குக் கீழே டிக்கெட் வாங்காதவர்களும் மழைக்கு ஒதுங்கி நிற்க ஒரு பெரிய பொது இடம் கிடைத்திருக்கிறது. அந்த அளவில் அதுவும் வானிலைக்குச் சொன்ன பதில்தான்.

நம்ம ஊருக்கு எது பொருந்தும்?

இவற்றில் எதையும் அப்படியே நகலெடுக்க முடியாது. போபாலில் சரிவு இருக்கிறது. பூந்தமல்லிப் பக்கம் தட்டை நிலம், ஏரிகளும் வாய்க்கால்களும் பின்னிய நிலம். அங்கே பள்ளம் தோண்டி அரங்கைப் புதைத்தால் மழைக்காலத்தில் கட்டிடம் முழுக்க மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. எனவே, இங்கே கட்டிடம் மேட்டில் நிற்க வேண்டும், தண்ணீர் கீழே தன் வழியில் போக வேண்டும்.

விழா நடப்பதும் அதே டிசம்பரில். தகரக் கூரை போட்டால் மழைச் சத்தத்தில் வசனம் கேட்காது. கனமான கூரை தேவை. மேற்குச் சுவர் வெயிலில் காயும். அந்தப் பக்கம் படிக்கட்டையும் சாமான் அறைகளையும் வைக்கலாம். மாலையில் கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தில் கூடத்தைத் திறந்து, ஆழமான தாழ்வாரம் விட்டால், காத்திருக்கும் இடத்துக்கு ஏசியே வேண்டாம்.

யாரும் பேசாத ஒன்று கார் நிறுத்துமிடம். ஒரு இருக்கைக்குச் சுமார் ஒரு சதுர மீட்டர் போதும். திறந்தவெளியில் ஒரு காருக்கு, வந்து போகும் பாதையும் சேர்த்து, சுமார் 23 சதுர மீட்டர் ஒதுக்குகிறோம். பெரும்பாலும் நிலத்தைச் சிமென்ட் போட்டு மூடுவது அரங்கம் அல்ல, கார்தான். மெட்ரோவும் பஸ்ஸும் வரும் இடத்தில் கட்டுவதே நிலத்துக்குச் செய்யும் முதல் மரியாதை.

செலவு கூடாதா?

சில இடங்களில் கூடும். கனமான கூரை மலிவாக வராது. ஆனால், நீரோட்டத்தையும் மரங்களையும் மண்ணையும் அளந்து பார்க்க ஆகும் செலவு, மொத்தத் திட்டத்தில் சிறு துளி. அதைச் செய்யாமல் கட்டிவிட்டு, ஆண்டுதோறும் தண்ணீரை இறைப்பதும், வெயில் வாங்கும் கண்ணாடி முகப்பைக் குளிர்விக்க மின்கட்டணம் கட்டுவதும்தான் உண்மையான செலவு. கண்ணாடிப் பெட்டிக்கு முன் நாலு தொட்டிச் செடி வைத்து ‘பசுமைக் கட்டிடம்’ என்று பெயர் சூட்டுவதை இனியும் ஏற்கக் கூடாது.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, டெண்டருக்கு முன்பே அந்த நிலத்தின் நீர்வழி, மர விவரங்களைப் பொதுவில் வெளியிடுவது. இரண்டு, திறந்த வடிவமைப்புப் போட்டி வைத்து, அந்த விவரங்களுக்கு என்ன பதில் என்பதையே முதல் மதிப்பெண்ணாக்குவது. முகப்பு எப்படி இருக்கும் என்று பிறகு பேசிக்கொள்ளலாம். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்பதற்குப் பதில் இல்லாத வரைபடம், எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிப் போகட்டும்.