ஏற்ற அளவுகோல்

நம் முன்னோர் நெல்லை மரக்காலால் அளந்தனர். பொன்னை நிறைகோலில் இட்டு நிறுத்தனர். பொருளுக்கேற்ப அளவுகோலும் மாறவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மீத்திறன் கணினிகளை மதிப்பிடும்போது நாம் அவ்வறிவை மறந்துவிடுகிறோம்.

உலகின் முதல் ஐந்நூறு மீத்திறன் கணினிகளின் பட்டியல் 1993ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. பெருந்தொகையான நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் விரைவை அளக்கும் ‘லின்பேக்’ சோதனையே அதற்கு அடிப்படை. இச்சோதனையில், நினைவகத்திலிருந்து ஒருமுறை கொணர்ந்த தரவைச் செயலி மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறது. ஆகவே, கணக்கிடும் விரைவே வெற்றியை முடிவு செய்கிறது.

வானிலைக் கணிப்போ வேறு தன்மையது. அங்கே செயலி, பெற்ற தரவைக் கொண்டு சில கணக்குகளை மட்டுமே செய்துவிட்டு, அடுத்த தரவுக்காகக் காத்திருக்கிறது. எனவே, தரவு வந்து சேரும் விரைவே தலையாயதாகிறது.

இவ்வேறுபாட்டை உணர்ந்தே, லின்பேக்கை உருவாக்கியோருள் ஒருவரான ஜாக் டொங்காரா, பிறருடன் இணைந்து ‘எச்.பி.சி.ஜி.’ என்னும் சோதனையையும் வடிவமைத்தார். ஜப்பானின் ‘ஃபுகாகு’ லின்பேக்கில் 442 பெட்டாபிளாப்ஸ் விரைவை எட்டியது, எச்.பி.சி.ஜி.யில் எட்டியது 16 மட்டுமே. 2022இல் அமெரிக்காவின் ‘ஃபிரான்டியர்’ லின்பேக்கில் 1,102 பெட்டாபிளாப்ஸ் எட்டி முதலிடம் பெற்றது, எச்.பி.சி.ஜி.யிலோ ஏறத்தாழ 14 பெற்று ஃபுகாகுவுக்குப் பின்தங்கியது. ஒன்றில் இருமடங்குக்கும் மேலாக முந்திய கணினி, மற்றொன்றில் தோற்றது. ஆகவே, ‘எக்கணினி சிறந்தது?’ என்பதைவிட, ‘எப்பணிக்குச் சிறந்தது?’ என்பதே பொருத்தமான வினா.

எல்லாக் கணினிகளையும் ஒப்பிடப் பொதுச்சோதனை ஒன்று வேண்டும் என்பர் சிலர். அது உண்மையே. பல்லாண்டு வளர்ச்சியை அறிய லின்பேக் உதவுகிறது. ஆயினும், வரலாற்றை அறியும் அளவுகோல் வாங்குவதற்கும் உரிய அளவுகோல் ஆகாது. கணினியில் இயங்கவிருக்கும் நிரல்களையே அதில் இயக்கிப் பார்த்துத் தெரிவு செய்வதே முறை. வானிலை மையங்கள் பல, விலைப்புள்ளி அளிக்கும் நிறுவனங்களிடம் தம் கணிப்பு நிரலைத் தந்து இயக்கிக் காட்டச் செய்கின்றன.

நம் நாட்டிலும் புனேயிலும் நொய்டாவிலும் நிறுவப்பட்ட ‘அர்கா’, ‘அருணிகா’ ஆகிய கணினிகள் வானிலை, காலநிலை ஆய்வுக்கென 2024இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டன. இத்தகைய கணினிகள் மக்களின் வரிப்பணத்தில் உருவாகின்றன. அவற்றின் பெருமை பட்டியலில் பெறும் இடத்தில் இல்லை. புயல் கரையைக் கடக்குமுன் மீனவர் கரை சேரும் வகையில் கணிப்பை உரிய காலத்தில் தருவதில்தான் இருக்கிறது.