படுக்கைக்குத்தான் விலை

மும்பையில் சுற்றுவது மலிவு, சாப்பிடுவது மலிவு. படுப்பதுதான் விலை. முதுகில் பையும் இளைத்த பர்ஸுமாக வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் போதும்.

தென் மும்பையில் ஜன்னல் இல்லாத லாட்ஜ் அறைக்கும் கேட்கிற வாடகை மலைக்க வைக்கும். தாணே பக்கம் தேடிப் பாருங்கள். தூரம் 34 கிலோமீட்டர்தான். 1853 ஏப்ரல் 16 அன்று நாட்டின் முதல் பயணிகள் ரயில் 14 பெட்டிகளில் சுமார் 400 பேருடன் ஓடியது போரிபந்தரிலிருந்து இதே தாணேவுக்குத்தான். புறநகர் ரயில்களில் 1, 3, 5 நாட்களுக்கு டூரிஸ்ட் டிக்கெட் கிடைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். ஆனால் காலை நெரிசலில் பையோடு ஏறுவது வீரமல்ல, விபரீதம். எலிஃபண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

பசித்தால் மாட்டுங்கா. ரயில் நிலையத்தை ஒட்டி, 1942இல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கில் இலை போட்டுச் சாப்பாடு. வேலை தேடி ஒற்றைப் பெட்டியோடு வந்திறங்கிய தென்னிந்திய இளைஞர்களின் வயிற்றைக் காத்தவை இப்படிப்பட்ட போர்டிங்குகள்தான். இரவில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்தார்கள். அவர்களும் சிக்கனப் பயணிகள்தான். திரும்பிப் போக டிக்கெட் இல்லாதவர்கள்.

தாராவிக்கு இன்றும் அப்படி வருகிறவர்கள் உண்டு. அங்கே காமிராவோடு நுழையும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: நமக்கு நாலு நாள் சிக்கனம், அவர்களுக்கு அதுவே வாழ்க்கை.