வாசல் கல்லை எடுங்கள், மண்ணை மூடாதீர்கள்



கொஞ்ச நாளாக ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வருகிறது. "டீச்சர், வீட்டுக்கு முன்னால இருக்கிற பழைய கல்தளத்தைப் பெயர்த்துட்டு ஆர்டிபிஷியல் கிராஸ் போடலாம்னு இருக்கோம். நல்லா இருக்குமா?"

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் பக்க நியாயம். பழைய கடப்பைக் கல் தளம் ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் அமுங்கியும் கிடக்கிறது. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்குகிறது. வயதானவர்கள் தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்போடு போச்சு. ஆகவே அந்தக் கல்லை எடுப்பது சரிதான். அதை நான் மறுக்கவில்லை.

அந்தக் கல் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. நம் காஞ்சிபுரம் தறிக்காரர் ஊர். பட்டுப் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி நூலைச் சரிபார்க்கும் வீடுகளில் வாசலில் புழுதி பறக்கக் கூடாது. அதனால் தளம் போட்டார்கள். இன்று பல வீடுகளில் தறியே இல்லை. தளத்துக்கான தேவை போய்விட்டது, தளம் மட்டும் நிற்கிறது.

சரி, செயற்கைப் புல் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 1965ல் ஆஸ்ட்ரோடோம் என்று கூரை போட்ட பெரிய விளையாட்டரங்கம் திறந்தார்கள். வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பலகைகள் வைத்தார்கள். கண் கூசிப் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் சொன்னதும் அதற்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் போனது, உள்ளே இருந்த புல்லும் செத்தது. 1966ல் அதற்குப் பதிலாக விரித்ததுதான் நைலான் புல். புல் முளைக்க வழியே இல்லாத இடத்துக்குக் கண்டுபிடித்த பொருள் அது. நம் ஊரில் இரண்டு தூறல் விழுந்தால் கல் இடுக்கில்கூட அருகம்புல் தானாக வந்து நிற்கிறது. பிள்ளையாருக்குச் சாத்துகிற புல்லை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் காசு கொடுத்து பிளாஸ்டிக் புல் விரிப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அடுத்தது சூடு. உயிருள்ள புல் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடுகிறது. நம் உடம்பு வியர்த்துக் குளிர்வது போல அதுவும் குளிர்கிறது. நீராவிப்போக்கு என்று நான்காம் ஐந்தாம் வகுப்பில் பிளாஸ்டிக் பையைக் கிளையில் கட்டிக் காட்டினேனே, அதேதான். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. வாங்கிய வெயிலை அப்படியே வைத்திருக்கும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் பேரக்குழந்தை வெறுங்காலோடு ஓடி விளையாட முடியாது. எதற்காகப் போடுகிறீர்களோ, அதற்கே உதவாது.

"பராமரிப்பே இல்லை டீச்சர்" என்கிறார்கள். வேப்பமரமும் முருங்கையும் உள்ள வீட்டில் போட்டுப் பாருங்கள். மண்ணில் விழுந்த இலை எருவாகும். பிளாஸ்டிக் நாரில் சிக்கிய வேப்பம்பூவை யார் பொறுக்குவது? நாய் பூனை அசுத்தம் செய்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சில வருட வெயிலில் நிறம் வெளுத்து, நார் உதிர்ந்து, கடைசியில் முழுப் பாயும் குப்பைக்குத்தான் போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது தண்ணீர். ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் வாசல் அரை சென்ட் என்றால் சுமார் 20 சதுர மீட்டர். ஐப்பசி மழை ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். ஒரு சின்டெக்ஸ் தொட்டி! அது உங்கள் மண்ணுக்குள் இறங்குமா, தெருச் சாக்கடைக்குப் போகுமா என்பதுதான் கேள்வி.

புல் விரிப்பின் அடியில் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் இறங்கும் என்று விற்பவர் சொல்வார். பாய்க்கு ஓட்டை இருக்கிறது, உண்மை. ஆனால் பாய் சமமாக உட்கார வேண்டும் என்று அதன் கீழே கான்கிரீட் போட்டால் அந்த ஓட்டையால் என்ன பயன்?

நம் செவிலிமேட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. பாலாற்று மணலில் கையால் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்த ஊர் இது. இராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்குத் தினமும் தீர்த்தம் சுமந்தார் என்று பெரியவர்கள் சொல்லும் சாலைக்கிணறும் நம் பக்கம்தான். இன்றும் காஞ்சிபுரம் குடிப்பது பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத்தான். 2003ல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மாடித் தண்ணீரைக் குழாய் வைத்து மண்ணுக்குள் இறக்கிவிட்டு, வாசல் தண்ணீரை வெளியே துரத்துவது என்ன நியாயம்?

நெதர்லாந்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வீட்டுத் தோட்டத்தில் பதித்த தளக்கற்களைப் பெயர்த்துச் செடியும் புல்லும் வைக்கப் போட்டியே நடத்துகிறார்கள். 2020ல் ரோட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் என்ற இரண்டு நகரங்களுக்குள் தொடங்கிய போட்டி, இப்போது நாடு முழுக்க நடக்கிறது. எந்த ஊர் அதிகக் கல்லைப் பெயர்த்தது என்று எண்ணிப் பரிசு தருகிறார்கள். மழை வெள்ளமும் வெயில் சூடும் குறைய வேண்டும் என்பதே நோக்கம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கல்லைப் பெயர்த்து எடுத்து வையுங்கள், உடைக்காதீர்கள். அடியில் உள்ள சிமென்ட் கலவையை நீக்குங்கள். பல வருடம் அமுங்கிய மண் பாறை போல இறுகியிருக்கும், ஒரு முழம் கொத்திவிட்டு மக்கிய எருவைக் கலக்குங்கள். கேட்டிலிருந்து படி வரை ஒரு நடைபாதைக்கு மட்டும் அதே கல்லைச் சமமாக மணல் மேல் பதியுங்கள், பெரியவர்களுக்காக ஒரு கைப்பிடியும் வையுங்கள். கோலத்துக்கும் அந்த இடம் போதும். மற்ற இடத்தில் அருகம்புல் பதியம் போடுங்கள், ஓரத்தில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வையுங்கள். புல் பழுப்பானாலும் பயப்படாதீர்கள், மழை வந்ததும் பச்சையாகிவிடும்.

சென்னையில் அபார்ட்மென்ட் பால்கனியில் இரண்டடிக்கு நாலடி செயற்கைப் புல் விரித்திருக்கும் உறவுகள் கோபிக்க வேண்டாம். அங்கே மூடுவதற்கு மண்ணே இல்லை. நான் சொல்வது மண் உள்ளவர்களுக்கு.

கொத்து வேலையும் தளம் போடும் வேலையும் செய்கிற என் மாணவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க எழுதவில்லை. கல்லைப் பெயர்ப்பதற்கும் மட்டம் பார்த்துப் பதிப்பதற்கும் மண் கொத்துவதற்கும் ஆள் வேண்டும். அந்தக் கூலி விற்பனைக் கடைக்குப் போகாமல் உங்கள் கைக்கே வரும். கேட்டு வருகிறவர்களிடம் இந்த வழியும் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், வகுப்பில் கை தூக்கியது போல.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
செவிலிமேடு