பாயில் புரளும்போது சுற்றுகிறதா?

தலைசுற்றல் என்று வருபவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, பீட்டாஹிஸ்டின் எழுதிக்கொடுத்து, கழுத்துக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லி அனுப்பும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மாமல்லபுரத்திலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ செங்கல்பட்டுக்குப் பேருந்தேறி வரும் சிற்பிக்கும் மீனவப் பெண்ணுக்கும் அது போதாது. பாயில் புரளும்போது சுற்றவைக்கும் பி.பி.பி.வி. என்னும் நோய் உட்செவியில் இடம்பெயர்ந்த சுண்ணத் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் புகுவதால் வருவது. மாத்திரை அவற்றை வெளியேற்றாது. பின்குழாயில் இருந்தால், 1992-இல் எப்லி விவரித்த முறைப்படி தலையைத் திருப்பியே பெரும்பாலும் சில நிமிடங்களில் சரிசெய்யலாம்.

நமக்குக் குறைவது கருவி அல்ல, கேட்கும் நேரம். அந்த இடத்தில்தான் வினாத்தாள் உதவும். கொரிய ஆய்வாளர்கள் 2020-இல் 'நியூராலஜி' இதழில் வெளியிட்ட படிவத்தில் ஆறே கேள்விகள். சுழல்வதுபோல் இருக்கிறதா, உடலின் இருப்பு நிலை மாறும்போது வருகிறதா, மூன்று நிமிடத்துக்குள் அடங்குகிறதா என்பவை நோயை அடையாளம் காண. மற்றவை எந்தக் குழாய், எந்தப் பக்கம் என்று ஊகிக்க.

ஆனால் அதை அப்படியே தமிழாக்கி அச்சடித்தால் பயன்படாது. 'எவ்வளவு நேரம் சுற்றுகிறது?' என்று கேட்டால், 'நாள் பூரா' என்பார்கள். சுழற்சி அடங்கிய பிறகும் நீடிக்கும் தள்ளாட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள்; பொய் சொல்லவில்லை. 'அசையாமல் அப்படியே படுத்திருந்தால், அறுபது எண்ணுவதற்குள் நின்றுவிடுமா?' என்று கேட்டுப் பாருங்கள். 'எழுந்தால் சுற்றுகிறதா?' என்ற கேள்வி ரத்த அழுத்தம் இறங்குபவரையும் உள்ளே இழுத்துவிடும். 'பாயில் படுத்தபடியே புரளும்போது சுற்றுகிறதா, எந்தப் பக்கம் அதிகம்?' என்பது இருவரையும் பிரிக்கும். கடலுக்குப் போகிறவரிடம் படகின் ஆட்டத்தை விலக்கி, வீட்டில் படுக்கும்போது நடப்பதை மட்டும் கேட்க வேண்டும். இந்தச் சொற்களை நம் மாவட்டத்து நோயாளிகளிடம், தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண்ணசைவைப் பார்க்கும் டிக்ஸ்–ஹால்பைக் சோதனையின் முடிவோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே படிவத்தை இறுதி செய்வது நேர்மை.

படிவத்தின் தொடக்கத்தில் வேறொரு பகுதி இருந்தாக வேண்டும்: புதிதாக வந்த கடும் தலைவலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், நிற்கவே முடியாமை. இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மீதியைக் கேட்க வேண்டாம். உடனே மூளைப் பாதிப்பைப் பாருங்கள். மற்றவர்களிடமும் வினாத்தாள் சோதனைக்கு மாற்றாகாது. துகள் எந்தக் குழாயில் என்பதைக் கண்ணசைவுதான் உறுதிசெய்யும்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் ஏற்கெனவே ரத்த அழுத்தம் பார்க்க வீடுவீடாகப் போகிறார்கள். இந்தக் கேள்விகளையும் அவர்கள் கேட்கலாம். 'ஆம்' என்றவரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அன்றைக்கே சோதிக்கலாம். சிறப்பு மேசை தேவையில்லை. கழுத்தில் கோளாறு இல்லையென்று தெரிந்துகொண்டு, தோளுக்கடியில் தலையணை வைத்து, தலையை 45 பாகை திருப்பிப் படுக்கவைத்துக் கண்களைப் பாருங்கள்.