அரண்மனைக்கு வெளியே

சரித்திர நாவல் என்றால் நமக்குக் குதிரை, வாள், இளவரசி! ரமணாசிரமப் பக்கத்து வாடகை அறையில் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' படித்தபோது என் எண்ணம் மாறியது. குமுதம், விகடன், குங்குமம் இதழ்களில் பணியாற்றியவர் அவர். புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் எழுதிய நாட்குறிப்பே நாவலுக்கு மூலம். கவர்னரின் ஆணைகள் மட்டுமா அதில்? கடைத்தெருப் பேச்சும், அடிமைகளாக விற்கக் கடத்தப்பட்டவர்களின் செய்தியும் உண்டு. அவற்றைத் தவறவிடாதது பத்திரிகைக்காரரின் காது என்பேன். தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' 1995-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது.

கல்கியும் பத்திரிகையாளர்தாம், அவரைக் குறை கூறவில்லை. ஆனால் என் பாட்டனைப் போன்றோர் அவர் கதையில் பெரும்பாலும் ஆரவாரம் செய்யும் ஜனங்கள்.

செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை பிடித்தது 1750-இல். இப்போது பேருந்தில் அதைக் கடக்கையில், அந்தப் படைக்குச் சுமை தூக்கியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றே கேட்கத் தோன்றுகிறது.