கயிறு செய்த குற்றம் என்ன?

"இது கலையா, கைத்தொழிலா?" என்று ஒரு கேள்வி நம்மிடையே நெடுநாளாக உலவிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவர்கள் படித்தவர்கள், பண்பானவர்கள், கண்காட்சிக்குப் போனால் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கத் தெரிந்தவர்கள். கேள்வியும் பார்வைக்குச் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால், இதைப்போல அகங்காரம் பிடித்த கேள்வி கலை உலகில் வேறு கிடையாது என்பது என் கட்சி. அதை நிரூபிக்க ஒரு பெண்மணியின் வாழ்க்கையும் கொஞ்சம் சணல் கயிறும் எனக்குப் போதும்.

அந்தப் பெண்மணி மிருணாளினி முகர்ஜி. 1949-ல் பம்பாயில் பிறந்தவர். தாயார் லீலா முகர்ஜி ஒரு சிற்பி. தகப்பனார் சாந்திநிகேதனத்தின் பெரிய ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. அவருக்கு ஐம்பது வயதைக் கடந்தபின் கண் சிகிச்சை பலிக்காமல் பார்வை அடியோடு போய்விட்டது. போன பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. வண்ணக் காகிதங்களைக் கத்தரித்து, விரலால் தடவித் தடவி ஒட்டிப் படம் செய்தார். சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி ஒரு குறும்படமே எடுத்தார். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண்ணிடம் போய், "கலை என்பது எண்ணெய் வர்ணத்திலும் சலவைக் கல்லிலும்தான் இருக்கிறது" என்று சொன்னால் எடுபடுமா?

மிருணாளினி படித்தது பரோடாவில். ஆசிரியர் கே. ஜி. சுப்பிரமணியன். நமக்கு அந்நியர் அல்ல. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, பின் சாந்திநிகேதனத்துக்குப் போய் ஓவியம் கற்றவர். இடையில் சில வருஷங்கள் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பிலும் இருந்தார். நெசவாளியின் தறியையும் ஓவியனின் தூரிகையையும் ஒரே மரியாதையோடு பார்த்த அந்த மனிதரின் மாணவிதான், எழுபதுகளின் தொடக்கத்தில் கயிற்றைக் கையில் எடுத்தார்.

எடுத்து என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால், இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள்.

கடைத்தெருவில் விற்கும் முரட்டுக் கயிறுதான். அதற்குச் சாயம் ஏற்றினார்: குங்குமச் சிவப்பு, கருநீலம், காவி, பழுத்த இலையின் மஞ்சள். பிறகு முடிச்சு. கையால் ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று, அதன் மேல் ஒன்று. தாளில் முன்கூட்டி வரைந்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. முடிச்சு ஏற ஏறத்தான் உருவம் தோன்றும். ஒரு சிற்பத்துக்கு மாதக்கணக்கான உழைப்பு. 1982-ல் 'ருத்ரா', 'தேவி', 1984-ல் 'யக்ஷி', 1985-ல் 'பக்ஷி'. ஆள் உயரத்தையும் மிஞ்சி நிற்கிற உருவங்கள். பெயரைக் கேட்டுவிட்டுக் கோயில் விக்கிரகத்தைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற கயிற்றில் மரப்பட்டையும் இருக்கிறது, பூவிதழும் இருக்கிறது, பெண்ணுடலின் அந்தரங்கமும் இருக்கிறது. இது மரத்திலிருந்து வெளிப்படும் பெண்ணா, மரமாக மாறிக்கொண்டிருக்கும் பெண்ணா என்று தீர்மானிக்க முடியாது. முன்னே நின்றால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும்; பக்தி மாதிரியும் இருக்கும்.

இதைப் பார்த்துவிட்டா, "கயிறு பின்னுகிற வேலைதானே?" என்பது?

அவர்களுடைய ஆட்சேபங்களை வரிசையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஆட்சேபம், கயிறு மட்டமான பொருள் என்பது. சரி, உயர்ந்த பொருள் எது? வெண்கலம் என்பார்கள். அந்த வெண்கலத்தில்தான் நம் வீட்டில் பானையும் உருளியும் வார்த்தார்கள். சுவாமிமலை ஸ்தபதி தேன்மெழுகில் உருவம் செய்து அதன்மேல் அப்புகிறது காவிரிக் கரை வண்டல் மண்தான். அடுப்படி உலோகமும் ஆற்று மண்ணும் நடராஜரைத் தரலாம். கயிறு மட்டும் ஒரு யக்ஷியைத் தரக்கூடாதோ?

இரண்டாவது ஆட்சேபம், முடிச்சுப் போடுவது பெண்கள் பொழுதுபோக்கு என்பது. இதுதான் உள்ளே கிடக்கிற உண்மையான ஆட்சேபம். மற்றவை எல்லாம் இதற்குப் போர்த்திய சால்வை. எழுபதுகளில் மேல்நாட்டுக் குடும்பப் பெண்கள் 'மாக்ரமே' என்று கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பூந்தொட்டி தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் உறி உண்டு. வயர் கூடை உண்டு. ஆகவே இது மத்தியானத் தூக்கத்துக்கு மாற்றான வேலை என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஓர் ஆண் கல்லைக் கொத்தினால் தபஸ். ஒரு பெண் கயிற்றை முடிந்தால் பொழுதுபோக்கு. என்ன நியாயம் ஐயா இது?

மூன்றாவது ஆட்சேபத்தில் மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. உறி செய்கிறவளுக்கு உறி எப்படி இருக்கும் என்று ஆரம்பத்திலேயே தெரியும். கலைஞன் தெரியாத ஒன்றைத் தேடிப் போகிறான் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். கயிற்றில் செய்ததெல்லாம் கலை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் இந்த அளவுகோலை வைத்தே பாருங்கள்: வரைபடம்கூட இல்லாமல் முடிச்சு முடிச்சாகத் தேடிப் போனவர் மிருணாளினி. அச்சில் வார்த்தாற்போல ஒரே முகத்தைப் பத்துச் சட்டங்களில் வரைந்து விற்கிற எண்ணெய் வர்ண ஓவியர் எதைத் தேடிப் போனார்? அவரிடம் யாராவது, "இது கைத்தொழிலா?" என்று கேட்டதுண்டா?

தொண்ணூறுகளின் நடுவில் மிருணாளினி களிமண்ணுக்குப் போனார். 2000-க்குப் பிறகு, மெழுகு உருக்கி வார்க்கும் முறையில் வெண்கலத்துக்கு வந்தார். அதே கைகள், இலையும் மடலும் பூவுமாக அதே கற்பனை. அந்த வெண்கலத்தின் முன் நின்று பழைய கேள்வியைக் கேட்க யாருக்காவது நாக்கு வருமா? வராது என்றால், இத்தனை நாளும் அவர்கள் எடை போட்டது கலையை அல்ல, உலோகத்தை.

இழிவு செய்கிறவர்களைவிட எனக்கு அதிகக் கோபம் மூட்டுகிறவர்கள் சில புகழ்ச்சிக்காரர்கள். "சாதாரணக் கயிற்றைக்கூடக் கலையாக உயர்த்திவிட்டார்!" என்கிறார்கள். அந்த 'கூட'வைக் கவனியுங்கள். கயிறு திரிக்கிறவனும், பாய் முடைகிறவளும், கூடை பின்னுகிறவளும் பள்ளத்தில் கிடப்பதாகவும், ஒருத்தி மட்டும் தப்பித்து மேட்டுக்கு ஏறிவிட்டதாகவும் ஒரு பாராட்டு. மிருணாளினி எதையும் உயர்த்தவில்லை. கயிற்றில் ஏற்கெனவே இருந்த பலத்தையும், தொய்வையும், கனத்தையும் கண்டுகொண்டார். அந்தக் குணங்களை அவருக்கு முன்னால் அறிந்தவர்கள் அதைத் திரித்தவர்களே.

இது வெறும் வார்த்தைச் சண்டை என்று நினைக்காதீர்கள். கைத்தொழில் என்று முத்திரை குத்திவிட்டால், செய்தவரின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. விற்பனை நிலையத்தில் பொருளோடு ஊர்ப்பெயர் தொங்கும், ஆள்பெயர் தொங்காது. பெயர் இல்லாதவனிடம் பேரம் பேசலாம். பெயர் உள்ளவனிடம் விலை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கலையா, கைத்தொழிலா என்ற கேள்வியின் அடியில் ஒருவருடைய கூலியும் மானமும் கிடக்கின்றன.

கதை படிக்கிற நீங்களாவது இந்தக் கேள்வியைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 1879-ல் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தபோது, இலக்கியம் என்றால் செய்யுள்தான். வசனம் என்பது உரையாசிரியருக்கும், கணக்குப் பிள்ளைக்கும், பத்திரம் எழுதுகிறவருக்கும் உரிய சாதனம். வசனம்தான் அன்றைய சணல் கயிறு! காய்கறிக்காரியும் கடன்காரனும் பேசுகிற அதே வார்த்தைகளை முடிந்து முடிந்துதான் நானும் என் போன்றவர்களும் பிழைக்கிறோம். அந்த மட்டமான சரக்கிலிருந்து உங்களை அழவைத்த ஒரு கதையாவது பிறந்திருக்குமானால், கயிற்றைப் பார்த்து முகம் சுளிக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

2015 ஜனவரியில் டில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் மிருணாளினியின் வாழ்நாள் படைப்புகளின் பெருங்கண்காட்சி திறந்தது. அடுத்த சில நாட்களிலேயே, பிப்ரவரியில், அவர் காலமானார். 2019-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஏறத்தாழ அறுபது படைப்புகளை வைத்து அவருக்கு விழா எடுத்தது. அதன் பிறகு நம்மவர்களுக்கும் அவர் கலைஞர் என்பதில் சந்தேகம் குறைந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் வெளியூர்க்காரன் வந்து சொல்லும்வரை நம் வீட்டு உறியின் முடிச்சு நம் கண்ணில் படாது என்றால், குறை கயிற்றில் இல்லை. அடுத்த தடவை ஒரு சிற்பத்தின் முன் நிற்கும்போது, அது எதனால் ஆனது என்று கேட்பதற்கு முன்னால், அது உங்களை என்ன செய்கிறது என்று பாருங்கள். செய்தவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.